கதவைத் தட்டுமுன் கேளுங்கள்!

நல்லதண்ணித் தோட்ட லயமொன்றில் நள்ளிரவில் ஓர் இளைஞன் அலறுகிறான் எனக் கொள்வோம். "பேய் பிடித்துவிட்டது" என்பார் சிலர். "பொலிசைக் கூப்பிடு" என்பார் பலர். எவரேனும் சென்றே தீரவேண்டும். ஆனால் செல்பவர் எதை அறிந்து செல்கிறார்? இதுவே நமது கேள்வி.

2009 அக்டோபரில் கொழும்பு பம்பலப்பிட்டிக் கடற்கரையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மனநோயுற்ற தமிழ் இளைஞன் ஒருவன் வாகனங்கள்மீது கல்லெறிந்தான். கடலுக்குள் துரத்தப்பட்டான். கைகூப்பி மன்றாடியவனைக் கம்பு கொண்டு தாக்கினர். தாக்கியோருள் பொலிசாரும் இருந்தனர். அவன் மூழ்கி மாண்டதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. ஏன் எறிந்தாய் என்று கேட்க அங்கு ஒருவரும் இல்லை.

மனநோயாளர் யாவரும் மூர்க்கர் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. எனினும், ஆபத்தே இல்லை என்று வாதாடவும் நாம் முன்வரோம். இருளில் லயத்துக்கு வரும் தாதியின் உயிரும் உயிரே!

ஆகவே, புறப்படுமுன் வீட்டாரைக் கேட்கவேண்டும். முன்பு எவரையேனும் தாக்கியதுண்டா? இதுவே தலையாய கேள்வி. கடந்த காலமே சிறந்த சாட்சி. குடித்திருக்கிறாரா? மருந்தை நிறுத்திவிட்டாரா? எத்தனை இரவுகள் உறங்கவில்லை? யாருக்கு அஞ்சுகிறார்? காதில் ஒலிக்கும் குரல் கட்டளை இடுகிறதா? உள்ளே குழந்தைகள் உளரா? கவ்வாத்துக் கத்தி எங்கே?

லயத்து அறைக்குப் பெரும்பாலும் வாசல் ஒன்றே. அதை மறித்து நிற்பவர், அஞ்சி நடுங்குபவனுக்குப் பகைவராகவே தோன்றுவார். எனவே தனியே செல்லற்க. வாசலை விட்டு ஒதுங்கி நிற்க. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அகற்றுக. தாழ்ந்த குரலிற் பேசுக.

எந்த மொழியிற் பேசுவது? இங்கேதான் அரசு பதில் கூறவேண்டும். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மனநோயாளருக்குச் சமூகத்திலேயே சிகிச்சை என்பது 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை. ஏட்டில் இரண்டும் நன்று! ஆனால், மேற்கண்ட கேள்விகளைத் தோட்டத்துத் தாயொருத்தியிடம் அவள் மொழியிற் கேட்க ஆளில்லையேல், ஆபத்தை அளப்பது எங்ஙனம்? அளக்க இயலாதவன் அஞ்சுகிறான். அஞ்சியவன் கம்பை எடுக்கிறான்.

நாம் சலுகை வேண்டவில்லை. 1926 என்ற மனநல உதவி இலக்கத்திலும், 1990 அம்புலன்ஸ் சேவையிலும், மலைநாட்டுப் பொலிஸ் நிலையங்களிலும் தமிழில் கேட்டறிய எந்நேரமும் ஆள் வேண்டும். கேள்விகள் எழுத்தில் இருக்கவேண்டும். மனநலத் தாதி உடனின்றிப் பொலிசார் மட்டும் கதவைத் தட்டும் வழக்கம் ஒழியவேண்டும்.

அலறுபவன் குற்றவாளி அல்லன், நோயாளி. முதலிற் செல்லவேண்டியது கேள்வி, கம்பு அன்று!