கூரை உள்ளோர்க்கு மட்டுமா கதிரவன்?

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள், மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அளித்த வாக்குறுதி இது; திட்டச் செலவு 75,021 கோடி ரூபாய்.

மூன்று கிலோவாட் அமைப்புக்கு மானியம் 78,000 ரூபாய். ஆனால் தகடு பொருத்தி, மீட்டர் இணைத்து, ஆய்வும் முடிந்த பின்னரே அது வங்கிக் கணக்கை எட்டும். அதுவரை கையிருப்போ கடனோதான் துணை. வசதி படைத்தவர்க்கு இது காத்திருப்பு. அன்றாடக் கூலிக்கு அடைத்த கதவு. குடிசைவாசிக்கும் வாடகைக்குக் குடியிருப்போர்க்கும் தகடு தாங்கும் சொந்தக் கூரையே இல்லை.

சூரிய மின்சாரம் வேண்டாமென்பதன்று வாதம். பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகக் கூரைகளில் பொதுத்துறையே தகடு அமைத்து, அதன் பயனைக் கூரையற்றோரின் மின்கட்டணத்தில் கழிக்கட்டும். இக்கோரிக்கையை மக்களிடம் கொண்டுசெல்வது தோழர்களின் கடமை.