பிராகாரத்தில் ஓடும் பிள்ளை

தூத்துக்குடி சங்கரராமேசுவரர் திருக்கோயிலில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பிரதோஷ வேளையில் சிறு சலசலப்பு ஏற்பட்டது. நந்தியெம்பெருமானுக்குச் சாத்துவதற்காக வைத்திருந்த அறுகம்புல் மாலையை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எடுத்துக்கொண்டு பிராகாரத்தில் ஓடிவிட்டான். அவனுடைய பாட்டி மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தார். "பிள்ளை வளர்க்கும் லட்சணமா இது?" என்று ஒருவர் உரக்கக் கேட்டார். "இரண்டு அடி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னவன் அடியேன்தான். அதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தீபாராதனை முடிந்தபின் அந்த அம்மாள் என்னருகே வந்து அமர்ந்தார். "அடிச்சும் பாத்தாச்சு அண்ணாச்சி. இப்போ டி.சி. வாங்கிட்டுப் போங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுதாக. திருச்செந்தூருக்கு முடி இறக்குறதா நேர்ந்திருக்கேன். வேற என்ன செய்யன்னு தெரியல" என்றார்.

மகனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பேரனைக் கவனிப்பதெல்லாம் பாட்டிதான். பையன் மந்தமானவன் அல்லன். கடற்கரையில் நின்றபடியே எந்தக் கப்பல் நிலக்கரிக் கப்பல், எது கன்டெய்னர் கப்பல் என்று சொல்லிவிடுவான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை பைசா தவறாமல் வரும். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், வரி விட்டுப்போகும். அடுத்த நிமிடமே பக்கத்துப் பையனின் பென்சில் பறக்கும். இவன் வகுப்புக்கு வெளியே நிற்பான்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எழுதும் வேளை வந்தால்தான் குறும்பு வருகிறது. அப்படியானால் குறும்பு நோயா, நோயின் அறிகுறியா? 'ஒன்றும் தெரியாதவன்' என்று நாற்பது பிள்ளைகள் நடுவே சிரிக்கப்படுவதைவிட, 'அடங்காதவன்' என்று பெயர் வாங்குவது ஒரு சிறுவனுக்கு எளிதாக இருக்கிறது போலும். வெளியே நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பாடம் போகிறது. அந்தப் பாடம் தெரியாததால் மறுநாள் குறும்பு கூடுகிறது. வங்கியில் இதை வட்டிக்கு வட்டி என்போம். தவணை தவறத் தொடங்கும்போதே கடன்தாரரை அழைத்துப் பேசித் தவணையை மாற்றி அமைத்தால் கணக்கு பிழைக்கும். தொண்ணூறு நாள் தாண்டி வாராக்கடன் என்று முத்திரை விழுந்தபின் மீட்பது பெரும்பாடு. பிள்ளைகள் மீது அந்த முத்திரையை நாம் எவ்வளவு விரைவில் குத்திவிடுகிறோம்!

இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே இரு வரலாறுகள் நமக்கு உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் அவரைச் செந்திலாண்டவன் சந்நிதிக்கு எடுத்துச் சென்று தவம் கிடந்தனர். பிள்ளை கந்தர் கலிவெண்பா பாடினார். நாம் இதைச் சொல்லும்போது வேண்டுதலோடு நிறுத்திக்கொள்கிறோம். பேசாத பிள்ளையை ஐந்து ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்த சண்முக சிகாமணிக் கவிராயரையும் சிவகாமசுந்தரி அம்மையாரையும் பற்றி உபந்நியாசங்களில் அதிகம் கேட்பதில்லை.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாமல் இருந்தார். வயதில் மூத்த மதுரகவியாழ்வார் வந்து, 'ஏன் பேசவில்லை?' என்று அதட்டாமல், அவருக்கு உரிய ஒரு கேள்வியைக் கேட்டார்; விடை வந்தது. அவதார புருஷர்களோடு நம் வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிடுவதாக அன்பர்கள் எண்ண வேண்டாம். கேட்டவரின் பக்குவத்தை மட்டுமே சொல்கிறேன்.

அந்த அம்மாளுக்காக விசாரித்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். காது மந்தமான பிள்ளையையே 'சொன்ன பேச்சுக் கேளாதவன்' என்று திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. தூக்கமின்மை, கைப்பேசி, வீட்டுச் சண்டை ஆகியவையும் காரணமாகலாம். அதன்பின் அரசு மருத்துவமனையோடு இணைந்து செயல்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் காட்டலாம். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வாசிப்பதில் சிக்கல் தரும் டிஸ்லெக்சியா, ஓரிடத்தில் நிலைக்கவொட்டாத ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் ஆகியவை வெவ்வேறானவை; ஒரே பிள்ளையிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும் பெயர் சூட்டக் கூடாது.

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஆயுள் இல்லை என்பது என் முப்பது ஆண்டு அனுபவம்.

டி.சி. விஷயத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் அத்தகைய பள்ளிகள் நிறைய இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனினும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அத்தகைய பிள்ளைகளுக்கு உரிய வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் விதி. டிஸ்லெக்சியா சான்றிதழ் இருந்தால், தமிழ்நாட்டின் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைப்பர்.

சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம் என்றுதான் அந்த அம்மாளிடம் சொன்னேன். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியைக்கும் பாடு உண்டு. பையனின் தந்தை விடுப்பு எடுத்துப் போய்ப் பணிவாகப் பேசினார். பயிற்றுநர் வந்து பார்த்தார். ஜன்னலோரத்திலிருந்து பையனை முதல் வரிசைக்கு மாற்றினார்கள். பத்து வரி எழுதச் சொன்ன இடத்தில் மூன்று வரி. மீதியை வாயால் சொன்னால் போதும். அரை மணிக்கு ஒருமுறை வருகைப்பதிவேட்டையோ சாக்பீஸையோ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்கு. எப்படியும் எழுந்து ஓடுகிறவன், இப்போது அனுமதியோடு ஓடுகிறான். நல்லபடி நடந்த ஒரு செய்தியாவது ஒரு சிறு நோட்டில் எழுதப்பட்டு வீட்டுக்கு வருகிறது. வீட்டில் பாட்டி மாலையில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு முறை, தவறாமல் அதே நேரத்தில், பக்கத்தில் உட்காருகிறார். 'என் தலையெழுத்து' என்று அவன் காதுபட இப்போது சொல்வதில்லை.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுதினால் அது பொய். சென்ற வாரமும் ஒரு பையனின் சட்டையைக் கிழித்திருக்கிறான். ஆனால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரல் வைத்துப் படிக்கிறான். பிரதோஷத்தன்று அறுகம்புல் மாலையைக் குருக்களிடம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு இப்போது அவனுடையது. குருக்கள்தாம் அப்படி ஏற்பாடு செய்தார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அம்மாளின் நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. முருகனுக்குச் சொன்ன சொல் மாறக் கூடாதல்லவா? சிறப்புப் பயிற்றுநர் வரும் புதன்கிழமை தவறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத் திருச்செந்தூருக்குப் புறப்படுகிறார்கள்.