எங்க தெருவுல எப்பவும் யாரோ தூங்குறாங்க!

பொன்னேரியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: ''அண்ணா, பி.காம். படிச்சுக்கிட்டே மியூசிக்லயும் ஒரு டிகிரி பண்ணலாமா? ரெண்டும் தாங்குமா?''

பண்ணலாமாங்கிறது ஈஸியான கேள்வி. 2022 ஏப்ரல்ல யு.ஜி.சி. ஓகே சொல்லிடுச்சு. ரெண்டுமே நேர்ல போய்ப் படிக்கிறதா இருந்தா, வகுப்பு நேரம் ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது. இல்லைன்னா ஒண்ணு நேர்ல, இன்னொண்ணு தொலைநிலைக் கல்வி அல்லது ஆன்லைன். (அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஃபீஸ் கட்டு.) எப்படி நடத்துறதுங்கிறதை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகம் கையில விட்டுட்டாங்க. ஸோ, சேர்றதுக்கு முன்னாடியே ரெண்டு ஆபீஸ்லயும் போய் விசாரி. ரெண்டு பேரும் ஒரிஜினல் டி.சி. கேட்பாங்க. உன்கிட்ட இருக்கிறதோ ஒரே டி.சி.!

தாங்குமாங்கிறதுக்கு என் கதையைத்தான் சொல்லணும்.

நான் கும்மிடிப்பூண்டி பையன். பகல்ல சிட்டியில பி.எஸ்ஸி. மேத்ஸ், சாயந்திரம் பாரிமுனைப் பக்கம் மிருதங்கம் டிப்ளமோ. கும்மிடிப்பூண்டி டு சென்ட்ரல் 48 கிலோமீட்டர். லோக்கல் ட்ரெயின்ல கிட்டத்தட்ட ஒண்ணரை மணி நேரம். நடுவுல சிக்னல்ல நின்னா அது தனிக் கணக்கு. காலையில ஆறரைக்குக் கிளம்புனா ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு.

எல்லாரும் ட்ரெயின்தான் பிரச்னைனு நினைப்பாங்க. இல்லை பாஸ். அப்பா சிப்காட்ல வேலை. ஏ, பி, சி-னு ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். ஏ ஷிஃப்ட்னா விடியக்காலை நாலரைக்கே எழுந்திருக்கணும், அதனால நான் வீட்டுக்கு வர்றப்ப தூங்கிட்டிருப்பார். சி ஷிஃப்ட்னா ஞாயித்துக்கிழமை பகல் பூரா தூக்கம். சரி, அப்பா இல்லாத நேரமாப் பார்த்து மிருதங்கத்தை எடுத்தா, பக்கத்து வீட்டு மாமாவுக்கு வேற ஷிஃப்ட்! எங்க தெருவுல இருபத்துநாலு மணி நேரமும் யாராவது ஒருத்தர் தூங்கிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நாலு தட்டு தட்டினா ஜன்னல்ல ஒரு தலை தெரியும்.

மூணு வாரம் கை வைக்கவே இல்லை. அந்த செமஸ்டர்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஒரே ராத்திரி முழிச்சுப் படிச்சு பாஸ் பண்ணிட்டேன். அதே தைரியத்துல மிருதங்கம் பிராக்டிகலுக்கும் போனேன். மிஸ்ர சாபுல மூணாம் காலம் வாசிக்கச் சொன்னாங்க. மனசுக்குள்ள எல்லாச் சொல்லும் ஓடுது, விரல் நகரலை. மூளையை ராத்திரியோட ராத்திரியா ஏமாத்தலாம். கையை ஏமாத்த முடியலை. ஃபெயில்.

கணக்கு எங்கே தப்புச்சுன்னா, கிரெடிட்ல. தியரின்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட், பிராக்டிகல்னா ரெண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். பிராஸ்பெக்டஸ்ல இசைக்கு நாலு மணி நேர பிராக்டிகல்னு போட்டிருந்தா 'ரெண்டு கிரெடிட்தானே'னு தோணும். தினம் ஒரு மணி நேரம் வீட்டுச் சாதகத்தைச் சேர்த்துப் பாரு, பதினோரு மணி நேரம் ஆகுது. அந்த ஏழு மணி நேரம் எந்த டைம்டேபிள்லயும் இருக்காது.

அமெரிக்காவுல ஓபர்லின்னு ஒரு காலேஜ். அங்கே இசை டிகிரியும் கலை டிகிரியும் சேர்த்துப் படிக்க பொதுவா அஞ்சு வருஷம். நாம என்னடான்னா ரெண்டையும் மூணு வருஷத்துல திணிக்கப் பார்க்குறோம். ஒண்ணை முடிச்சிட்டு இன்னொண்ணுக்குப் போறதும் கேவலம் இல்லை. பாடகி சௌம்யா ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல வேதியியல் எம்.எஸ்ஸி. படிச்சவங்க. இசையில எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்துல. அப்புறம் இசைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனாங்க.

சரி, நான் எப்படித் தப்பிச்சேன்? ட்ரெயின்தான் காப்பாத்துச்சு. போகும்போது மேத்ஸ், வரும்போது வாயில சொல்லு, தொடையில தட்டு. மீஞ்சூர்ல ஏறின ஒரு பூக்கார அக்கா, ''தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?''னு பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டுச்சு! ஆனா சொல்லு வாயில நின்னுடுச்சுன்னா, கை பாதி தூரம் தானா வந்துடும். மீதி தூரத்துக்கு வாசிச்சே ஆகணும். அதுக்கு வழி பண்ணது அப்பா. ஃபெயிலானதைக் கேட்டு ஒரு வார்த்தை திட்டலை. மறுநாள் ஷிஃப்ட் லிஸ்ட்டை என் டைம்டேபிள் பக்கத்துல ஒட்டினார். பிள்ளையார் கோயில் மண்டபத்துல ராத்திரி ஒரு மணி நேரம் நான் வாசிக்க, தர்மகர்த்தாகிட்ட அவரே போய்ப் பேசினார். பி ஷிஃப்ட் வாரத்துல வேலை முடிஞ்சு வர்றப்ப, தூணோரமா சைக்கிளை நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் நிப்பார். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா கிளம்பிடுவார். ரெண்டாவது தடவை பாஸ்.

ஸோ, தங்கச்சி... ராஜா அண்ணாமலைபுரத்துல இருக்கிற, 1949-ல ஆரம்பிச்ச அரசு இசைக் கல்லூரி பகல் நேரக் காலேஜ். உன் பி.காம்.மும் பகல்லன்னா மோதும். என்னைக் கேட்டா, இப்ப சாயந்திர டிப்ளமோ, பி.காம். முடிச்சதும் டிகிரி. இல்லை, இப்பவே ரெண்டும்தான்னு அடம்பிடிச்சா, அப்ளிகேஷன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாரம் நோட்டுல எழுதிப் பாரு: உங்க வீட்டுல யார், எப்ப தூங்குறாங்க?