குதிகால் தேய்ந்தால்...

சகோதரிகளே, அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறீர்களா? அங்கே செருப்பு ரிப்பேர் கடையில் பாவாடையும் ஹை ஹீல்ஸுமாக ஓர் ஆண் வந்து நின்றால் திடுக்கிடாதீர்கள். பெண்ணுடை உடுத்துவதில் மனநிறைவு காணும் ஆண்கள் உண்டு. மனைவி மக்களோடு குடும்பம் நடத்துபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இது வியாதியும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இது கிடையாது.

நமக்கு விநோதம், சரி. அவருக்கோ, கடைக்குள் கால் வைக்கும்வரை நெஞ்சு படபடக்கும். காரணம் இல்லாமலா? சிகாகோவில் 1851-லேயே இதற்குத் தடை போட்டார்கள். 1974-ல், பெண்ணாக மாறும் சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இருவர் ஹோட்டலில் காலை டிபன் சாப்பிட்டு வெளியே வந்ததும் போலீஸ் பிடித்தது. டிபன் சாப்பிட்டது ஒரு குற்றமா, சொல்லுங்கள்! 1978-ல்தான் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நல்ல கடைக்காரர் ஆளைப் பார்ப்பதில்லை, குதிகாலைத்தான் பார்ப்பார். ஒல்லிக் குதிகாலின் அடியில் இருப்பது விரல்நுனி அளவுத் துண்டு. ஆள் கனமென்றால் சீக்கிரம் தேயும். உள்ளே ஆணி தெரிந்த பிறகும் போட்டு நடந்தால் வழுக்கும், கணுக்கால் பிசகும். (நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே கதிதான்!) பழசைப் பிடுங்கிப் புதுசை அடித்து, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பக்கத்தில் நிற்கும் பேரன், "பாட்டி, அந்த மாமா ஏன்..." என்று உரக்கக் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "அவருக்கு அது பிடிச்சிருக்குடா கண்ணா" என்று சொல்லிவிட்டு, உங்கள் செருப்பை எடுத்து நீட்டுங்கள்.