படகுக்கு மருந்து... டிரெய்லருக்கு நோய்!

கடல் இல்லாத திண்டுக்கல் மாவட்டத்துக்கும் படகுக்கும் பழைய உறவு உண்டு. 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியவர், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். அப்போது மலைக்கு வண்டி போகும் பாதையே கிடையாது!

இன்று டிரெய்லரில் ஏற்றினால் படகு மலையேறிவிடும். ஆனால், பழைய படகைப் புதுப்பிக்கிறவர்கள் பணத்தையெல்லாம் படகில் கொட்டிவிட்டு, டிரெய்லருக்கு பெயின்ட் மட்டும் அடித்தால் வில்லங்கம்தான்.

மரப்படகு சமவெளி வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி, இடுக்குகள் விரியும். பதற்றத்தில் அவற்றைக் கெட்டியான பூச்சால் அடைக்கக் கூடாது. பலகை நனைந்து உப்பும்போது இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். ஈரச் சாக்குப் போட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட்டால், பல இடுக்குகள் தானாகவே மூடிக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, மெத்தென்று உள்ளே இறங்கும் பலகையை மாற்றிவிட வேண்டும்.

டிரெய்லர் இதற்கு நேரெதிர். ஓடி வந்த சூட்டோடு சக்கரம் தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடிக்கும். அந்தத் துரு வேலையைக் காட்டுவது ஏரிக்கரையில் அல்ல. பின்னால் பஸ் வரும் கொண்டை ஊசி வளைவில்!

முதல் செலவு பேரிங்குக்கும் டயருக்கும் இருக்கட்டும். படகுக்கு வர்ணம் பிறகு. கரைக்கு வந்ததும் உடனே இறக்க வேண்டாம். சக்கரம் ஆறும்வரை நிதானமாக ஒரு டீ குடிக்கலாம்.