நோயின் படிகளும் யந்திரத்தின் தீர்ப்பும்

நெற்பயிரின் இலைகளைத் தாக்கும் குலைநோயின் கடுமையை அளப்பதற்குப் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 0 முதல் 9 வரை படிகள் வகுத்திருக்கின்றனர். நோய்க்குறியே இல்லாவிடில் 0. இலைப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தால் 9. இக்காலத்தில் நோயின் கடுமையை முன்கூட்டிச் சொல்ல யந்திரக் கணிதமும் கையாளப்படுகிறது. அதன் தீர்ப்பினால் வரும் லாபநஷ்டம் விவசாயிகளையே சாருமாதலால், அதன் போக்கை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

இக்கணித முறைகளுள் ஒன்று 'முடிவு மரம்' எனப்படும். இலை எத்தனை மணி நேரம் ஈரமாயிருந்தது, தழைச்சத்து மிஞ்சிவிட்டதா என்று கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து, முடிவில் ஒரு படியைக் கூறும். பல மரங்களைக் கூட்டித் தீர்ப்புக் கேட்கும் 'காடு' முறையொன்றை அமெரிக்கப் பேராசிரியர் லியோ பிரைமன் 2001-ல் வெளியிட்டார்.

ஆனால் வகை பிரிக்கும் சாதாரண மரம், படிகளை நெல் ரகங்களின் பெயர்களைப்போல் வெறும் பெயர்களாகவே கொள்ளும். 7-ஐ 6 என்பதும் 1 என்பதும் அதற்கு ஒரே பிழைதான். நமக்கோ முன்னது சிறு பிசகு. பின்னது மகசூலையே கெடுப்பது. படிகளை வெறும் எண்களாகக் கொள்வதும் முற்றும் பொருந்தாது. 5-ஆம் படி இலைப்பரப்பில் 4 முதல் 10 சதவிகிதம். 7-ஆம் படியோ 26 முதல் 50 சதவிகிதம். படிகளுக்கு வரிசை உண்டு. சம உயரம் இல்லை.

நியூஜிலாந்திலுள்ள வைகாட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராங்க், ஹால் என்பவர்கள் 2001-ல் ஓர் எளிய வழி கூறினர். '3-க்கு மேலா? 4-க்கு மேலா?' என்று ஒவ்வொரு வரம்புக்கும் தனி மரம் அமைப்பதே அது. மருந்து தெளிக்கும் வரம்பு தாண்டிவிட்டதா என்று வரப்பில் நின்று நாம் கேட்பதும் இத்தகைய கேள்வியே. எனினும் தனித்தனி மரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடும். அதைச் சோதித்தே ஏற்கவேண்டும்.

'நூற்றுக்கு எண்பது சரி' என்னும் பேச்சில் மயங்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். 100 வயல்களில் 80 நோயற்றவையாயின், எப்போதும் 0 என்றே சொல்லும் யந்திரமும் அந்த எண்பதைப் பெற்றுவிடும்! மீதி இருபதில் எத்தனை படி தவறிற்று, எந்தப் பக்கம் தவறிற்று என்பதைக் காட்டும் அட்டவணையைக் கேட்டு வாங்குக. நஷ்டக் கணக்கு எழுதும் கிராம உத்தியோகஸ்தர்களும் யந்திரத்தின் படியை அப்படியே பதியாமல், சில வயல்களையேனும் நேரில் பார்த்து ஒப்பிட்டபின் பதிவார்களாக.