பூனை செத்ததைப் பார்த்துச் சொன்னவர்

இலவச கேம்களை விளையாடுகிறவர் யாருக்கும் கடன்படவில்லை என்று வாதாடி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை வேறொன்று கண்ணில் பட்டது. கேம்களில் உள்ள குறைகளைச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நான்கு பக்கம் எழுதியவர், எந்த கேமிலும் ஒரு குறையைக்கூட இன்னது என்று சுட்டிக்காட்டவில்லை.

அவர் வாதம் இதுதான். கேம் இலவசம் என்றாலும் விளையாடுகிறவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். நேரம்தான் விலை, விலை கொடுத்தவர் எப்படியும் பேசலாம். கடுஞ்சொல்தான் தரத்தை உயர்த்தும், மரியாதை வெறும் முகஸ்துதி. அடி தாங்காதவர்கள் கேமை வெளியிடவே கூடாது. இதற்குச் சான்றாகத் தான் செய்த ஒன்றையும் பெருமையோடு சொல்கிறார். கல்லூரி மாணவர் ஒருவர் தனியாகச் செய்து இலவசமாகக் கொடுத்த கேமை இவர் பத்து நிமிடம் விளையாடினார். ஒற்றை நட்சத்திரம் போட்டு, குப்பை, வேறு வேலை பார் என்று எழுதினார். அடுத்த வாரம் அந்த மாணவர் கேமை நீக்கிவிட்டார். தரம் காப்பாற்றப்பட்டது என்கிறார் கட்டுரையாளர்.

எந்தத் தரம்? இருந்த கேம் இல்லாமல் போனது. அதில் என்ன பிழை என்று அதைச் செய்தவருக்கும் தெரியாது, படிக்கிற நமக்கும் தெரியாது. நடந்தது அவ்வளவுதான்.

நேரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமயா, கதை, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, ஓய்வு நேரத்தில் ஐந்து ஆண்டுகள் உழைத்து, ‘கேவ் ஸ்டோரி’யை 2004 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டார். டெரெக் யூ 2008இல் ‘ஸ்பெலங்கி’யை இலவசமாகக் கொடுத்தார். இவர்கள் கொடுத்ததும் நேரம்தான். நேரம்தான் விலை என்றால், அந்த மாணவர் செலவிட்ட மாதங்களுக்கு முன்னால் பத்து நிமிடத்தைக் காட்டி அதட்டுவது என்ன நியாயம்? பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். யாரும் கையைப் பிடிக்கப்போவதில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது அடிமைகளின் பழமொழி என்கிறார். எனக்கும் அந்தப் பழமொழியில் உடன்பாடு இல்லை. தாராளமாகப் பல்லைப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். இவர் பல்லையும் பார்க்கவில்லை. மாட்டை ஓட்டிவந்தவரை உதைத்துவிட்டு வந்து, பல்லைப் பார்த்தேன் என்கிறார்.

பல்லைப் பார்ப்பது என்றால் என்ன? அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ கேமில் நடந்ததைச் சொல்கிறேன். குள்ளர்கள் சேர்ந்து கோட்டை கட்டி வாழும் கேம் அது. 2015 டிசம்பரில் கோட்டைக்குள் மதுக்கூடம் அமைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு புகார் வந்தது: பூனைகள் காரணம் தெரியாமல் செத்துப்போகின்றன, அங்கங்கே வாந்தி கிடக்கிறது. டார்ன் ஆடம்ஸ் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். குடிக்கும் குள்ளர்கள் தரையில் மதுவைச் சிந்துகிறார்கள். அதன் மேல் நடக்கும் பூனையின் பாதத்தில் மது ஒட்டுகிறது. பூனை தன் வழக்கப்படி பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. ஒட்டியிருந்ததோ ஒரு துளி. நிரலோ அதை ஒரு முழுக் குவளை என்று கணக்கெடுத்தது. சின்ன உடம்பு தாங்கவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே இருந்த ஓர் அளவுப் பிழை, செத்த பூனையையும் வாந்தியையும் யாரோ கவனித்துச் சொன்னதால் பிடிபட்டது.

அந்தப் புகாரில் முகஸ்துதி எங்கே இருக்கிறது? கண்டதைக் கண்டபடி சொன்னார், திருத்த வழி பிறந்தது. குப்பை என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது? கட்டுரையாளர் கடுமையையும் துல்லியத்தையும் ஒன்றென்று நினைக்கிறார். துல்லியமாகச் சொல்ல கேமை உட்கார்ந்து பார்க்க வேண்டும். வைவதற்கு அது தேவையில்லை.

நானும் ஒரு சின்ன கேம் செய்து வெளியிட்டவன். மூன்றாம் கட்டத்தில், ஏணியில் நிற்கும்போது இடப்பக்க விசையை அழுத்தியபடியே குதித்தால் ஆள் தரைக்குள் விழுந்துவிடுகிறான் என்று ஒருவர் எழுதினார். கேம் எனக்குப் பிடிக்கவில்லை என்றும் கூடவே எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் அதைச் சரிசெய்தேன். அவருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அதே வாரம் என் பிறப்பைப் பற்றி எழுதியவருடைய கடிதத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் அந்த நிரலை நான் திறக்கவில்லை.

அடி தாங்காதவர்கள் வெளியிடக்கூடாதாம். ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென் 2013இல் வெளியிட்ட ‘ஃபிளாப்பி பேர்ட்’, விளம்பரத்தில் மட்டும் நாளுக்கு 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்தி வந்தது. புகழின் உச்சியில் இருக்கும்போதே, 2014 பிப்ரவரியில், அதை அவரே விலக்கிக்கொண்டார். தன் எளிய வாழ்க்கையை அது குலைத்துவிட்டது என்றார். பலர் அதற்கு அடிமையானதும் காரணம் என்று பிறகு சொன்னார். அத்தனை பணம் வந்தவரே வேண்டாம் என்று எழுந்துபோக முடியும் என்றால், ஒரு பைசா வாங்காத மாணவரை எதைச் சொல்லி இருத்திவைப்பது?

இலவசம் என்ற பெயரில் குழந்தைகளை ஏமாற்றிக் காசு பிடுங்கும் கேம்களும் உண்டு. அவற்றை எவ்வளவு கடுமையாகவும் சாடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அப்படி ஏமாற்றும் நிறுவனங்களின் மேல் வரவேண்டிய கோபத்தை ஒரு மாணவர் மேல் கொட்டியதற்குத் துணிச்சல் என்று பெயர் இல்லை.

காசு பிடுங்காத இலவசமும் உண்டு. ஆடம்ஸ் சகோதரர்கள், விளையாடுகிறவர்கள் அனுப்பிய நன்கொடையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பணம் அனுப்பியவர்களுக்குக் கிரேயானில் படம் வரைந்தோ கதை எழுதியோ அனுப்பினார்கள். மருத்துவச் செலவு பற்றிய கவலை வந்த பிறகுதான் விலைக்கு ஒரு பதிப்பைக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அது 2022 டிசம்பரில் வந்தது. இலவசப் பதிப்பை அதற்காக நிறுத்திவிடவில்லை.

கட்டுரையாளருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவருக்கு இன்னொரு முறை எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றீர்கள், எந்த விசையை அழுத்தினீர்கள், திரையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதல் வரியில் மன்னிப்புக் கேளுங்கள்.